இணைச்சீருக்கு யார் நிற்பது?

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், பள்ளிபாளையத்தில் நாங்கள் வேலை செய்யும் தறிப்பட்டறையில் நடந்தது இது. எழுதச் சொல்லி என் கணவர்தான் நச்சரித்துக்கொண்டே இருந்தார். "நீ பேசத்தான் மாட்டே. எழுதவாச்சும் எழுது" என்றார். நான் பத்தாவது வரை படித்தவள். மளிகைக் கடைக்குப் போனால்கூடக் கடைக்காரர் தானாக என்னைப் பார்க்கும் வரை நின்றுகொண்டிருப்பேன். குரல் கொடுக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கணவர் தறி ஓட்டுகிறார். நான் அதே பட்டறையில் தார் சுற்றுகிறேன். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிய ஒரு சின்னக் குச்சி இருக்கும். அதுதான் தார். காலையில் இருவரும் ஒரே வண்டியில் போவோம், சாயங்காலம் ஒரே வண்டியில் வருவோம். இதுதான் எங்கள் வாழ்க்கை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த ஒரு வரியைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேர் "அடப் பாவமே" என்று சொல்லியிருப்பீர்கள். அதனால் அடுத்த வரியையும் எழுதிவிடுகிறேன். நாங்களாகவே வேண்டாம் என்று இருந்துவிட்டோம்.

கல்யாணமான மறு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏம்புள்ள, உனக்குக் கொழந்த வேணும்னு ஆசையா இருக்குதா?"

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன். நிஜமாகவே பல நாட்கள் யோசித்தேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் உள்ளே தேடித் தேடிப் பார்த்தும் இல்லை. பயந்துகொண்டே அவரிடம் சொன்னேன். "எனக்கும் அப்பிடித்தான் இருக்குது புள்ள. எங்கிட்டத்தான் ஏதோ கோளாறுன்னு நெனைச்சுட்டு இருந்தேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அவ்வளவுதான் நடந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அம்மா இல்லாத வீட்டில் தம்பியை நான்தான் வளர்த்தேன். அந்த அலுப்பில்தான் இப்படி ஒரு முடிவு எடுத்தேன் என்று பின்னாளில் சிலர் காரணம் கண்டுபிடித்தார்கள். அதுவும் இல்லை. தம்பியை வளர்த்ததில் எனக்கு ஒரு நாளும் அலுப்பு வந்ததில்லை.

வெகு காலம் வரை சொந்தக்காரர்களுக்கு இது தெரியாது. சாமி கொடுக்கவில்லை என்று நினைத்தார்கள். மாமியார் எந்தக் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் கூடப் போவேன், தொட்டில் கட்டச் சொன்னால் கட்டுவேன், வாய் திறக்க மாட்டேன். ஒரு காதுகுத்து விருந்தில் ஓர் உறவினர் என் கணவரிடம், ஈரோட்டில் ஒரு நல்ல டாக்டர் இருப்பதாகவும், தானே கூட வருவதாகவும் சொன்னார். இவருக்கு என்ன தோன்றியதோ, சாப்பிட்டுக்கொண்டே, "எங்களுக்குக் கொறை ஒண்ணுமில்லீங்க. நாங்களாத்தான் வேண்டாம்னு இருக்கறோம்" என்று சொல்லிவிட்டார். பந்தியில் எங்களுக்கு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோனது.

அன்று வரை தலையைத் தடவி "பாவம்" என்றவர்கள் அன்றிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டார்கள். "பெத்துக்க வலிக்குதாமா மகாராணிக்கு" என்றார் ஒருவர். "வயசான காலத்துல தறி வந்து தண்ணி ஊத்துமாக்கும்" என்றார் இன்னொருவர். எனக்குக் காது கேட்கும் தூரத்தில் நின்றுதான் சொன்னார்கள். நான் பாத்திரம் கழுவுகிற பக்கமாகப் போய்விட்டேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பக்கம்தான் எனக்கு வசதி. அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

இப்போது தம்பியின் கல்யாணத்துக்கு வருகிறேன். அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்கிறான். வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டு, வருடத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பான். எங்கள் பக்கம் இப்போது பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ரிக் வேலை என்றாலே தரகர் முகம் சுருங்கிவிடும். முன்தலை வழுக்கை விழுந்த பிறகுதான் அவனுக்கு ஓர் இடம் கூடி வந்தது. சங்ககிரிக்குப் பக்கத்தில் தோட்டத்துக் குடும்பம். பெண்ணுக்கும் வயது கொஞ்சம் ஆகியிருந்தது. ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், ஆனி மாதத்தில் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்தோம். ஆவணியில் கல்யாணம்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், கூறைப் புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவனுடைய அக்காவோ தங்கையோ பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். 'கல்யாணம் ஆனாலும் என்னை மறந்துவிடாதே, நாளைக்கு உனக்கு ஒரு பெண் பிறந்தால் என் பையனுக்குத்தான் தர வேண்டும்' என்று உடன்பிறந்தவள் உரிமை கேட்டு வைப்பதுதான் இந்தச் சீர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி அனுப்பிய காலத்திலிருந்து, இவன் கல்யாணத்தில் அந்தப் புடவை முனையைப் பிடித்து நிற்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று பெரிய ஆசைகள் இருந்ததில்லை. இது ஒன்று இருந்தது.

ஆடி பிறந்ததும் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். அப்பாவும் போய்விட்டதால் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அவர்தான் மூத்தவர். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏஞ்சாமி, நாஞ்சொல்றேன்னு தப்பா நெனைக்காதே. இணைச்சீருக்கு உன்ர சித்தி மவள நிக்க வெச்சுக்கலாம். அவளுக்கு ரெண்டு பசங்க இருக்கறாங்க. உன்ர தம்பிக்குப் பொண்ணு பொறந்தா, கேக்கறதுக்கு ஒரு நாயம் இருக்குது. நீ நின்னு யாருக்குக் கேப்பே?"

என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க அத்தே, சொந்தத்துல கட்டவே வேண்டாம்னு டாக்டருங்க சொல்றாங்க. இந்தக் காலத்துல யாருங்க நெசமா அத்தை பையனுக்குன்னு பொண்ணக் கேட்டு வெச்சுக்கறாங்க?" என்றார்.

"மாப்பளே, சீரு சீருதானுங்க. சாமி குடுக்காம போயிருந்தாக்கூட ஒரு கும்புடு போட்டுட்டு நிக்க வெக்கலாம். உங்கூட்டுக்காரி வேண்டாம்னு சொன்னவ." பிறகு குரலை இறக்கி என் பக்கம் திரும்பினார். "பொண்ணோட பெரியப்பன் தரகருகிட்டக் கேட்டிருக்கறான். அக்காக்காரி இப்பிடின்னா, தம்பியும் அதே பாடந்தான் படிச்சிருப்பானோன்னு. இத்தன வருசம் கழிச்சு ஒரு எடம் அமைஞ்சிருக்குது சாமி. நீ மணவறைக்குப் பக்கத்துல நின்னு அந்தப் பேச்சப் பெருசாக்கோணுமா?"

அந்தக் கடைசி வார்த்தை என்னை அடித்துவிட்டது. என்னால் தம்பி கல்யாணம் நின்றுபோனால்? "சரீங்க பெரீம்மா. அவளே நிக்கட்டும்" என்றேன். பெரியம்மா என் தாடையைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும்.

தம்பிக்கு எப்படியோ விஷயம் போய், வடநாட்டிலிருந்து போன் செய்தான். பின்னால் ரிக் வண்டி ஓடுகிற சத்தம்.

"அக்கா, எனக்கு அக்கா நீயா, அவளா?"

"நாந்தாண்டா."

"அப்பறம்? நீ நிக்கலீன்னா இணைச்சீரே வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

"கூறுகெட்டத்தனமாப் பேசாதே. மொதல்ல உன்ர கல்யாணம் நடக்கட்டும். புடவைய யாரு புடிச்சா என்ன?"

"யாரு புடிச்சா என்னன்னா நீ எதுக்கு அழுவறே?"

நான் போனை வைத்துவிட்டேன். அன்று முழுவதும் என் கணவரும் என்னிடம் பேசவில்லை. என்மேல் கோபம் இல்லை என்று தெரியும். காதுகுத்து விருந்தில் தான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு மத்தியானம். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தார் சுற்றும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பட்டறை வாசலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையில் தூக்குப்போசி என்று நாங்கள் சொல்லும் தூக்குப் பாத்திரத்துடன் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். உப்புச் சர்க்கரை அன்று பார்த்த முகம். பெண்ணின் அம்மா! கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் நேரில் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் இங்கே வழி சொல்லியிருக்கிறார்கள். எழுந்து, வெளியே போய்ப் பேசலாம் என்று கையைக் காட்டினேன். "வேலைய வுட்டுப்போட்டு வராதீங்க!" என்று கத்திவிட்டு, என் பக்கத்திலிருந்த நூல் மூட்டைமேல் அவர் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டார்.

தறிகள் ஓடும் இடத்தில் யாராவது இருந்திருக்கிறீர்களா? அங்கே பேச்சு என்பது கிடையாது. காதோடு காதாகக் கத்த வேண்டும். நாங்கள் பழகியவர்கள் என்பதால் வாயசைவை வைத்தே புரிந்துகொள்வோம். வெளியாட்களுக்கு அது வராது.

"எருமத் தயிரு! உங்களுக்குத்தான்!" என்று தூக்குப்போசியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு என் காதருகே குனிந்தார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க! சாமி குடுக்கலீங்களா, இல்ல நீங்களா வேண்டாம்னு இருந்துட்டீங்களா?"

கையில் இருந்த நூல் அறுந்துவிட்டது. முடிச்சுப் போட்டுக்கொண்டே யோசித்தேன். 'சாமி குடுக்கலீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போய் அந்தப் பெரியப்பாவிடம் சொல்லிவிடுவார், எல்லோரும் மறுபடியும் 'பாவம்' என்று சொல்லிவிடுவார்கள். தம்பி கல்யாணம் நல்லபடியாக நடக்கும். ஒருவேளை நானே புடவை முனையைப் பிடித்து நிற்கவும் விட்டுவிடுவார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது பட்டறையின் கடைசித் தறியில் என் கணவர் குனிந்து, அறுந்த இழையைப் பிடித்து முடிந்துகொண்டிருப்பது தெரிந்தது. அன்று சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே என்னைக் கேட்டாரே, அதே முதுகு. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"நாங்களாத்தானுங்க" என்றேன்.

"கேக்கலீங்க!"

"நாங்களாத்தான் வேண்டாம்னு…"

"ஒண்ணுமே கேக்கலீங்க! சத்தமாச் சொல்லுங்க!"

வேறு வழியில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். நான் வாயைத் திறந்த அதே நேரம், ஆடிக் காற்று எந்தக் கம்பியை உரசியதோ, கரண்ட் போய்விட்டது. அத்தனை தறிகளும் ஒரே அடியாக நின்றன.

"…நாங்களாத்தான் வேண்டாம்னு முடிவு பண்ணுனோமுங்க! எங்களுக்கு ஆசையே வரலீங்க!"

ஊசி விழுந்தால் கேட்கும் பட்டறையில் என் குரல் தகரக் கூரையில் இடித்துத் திரும்பி வந்தது. தறிக்காரர்கள், நூல் எடுக்கும் பெண்கள், டீ கொண்டுவந்தவர், அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த நூல் மூட்டைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

கடைசித் தறியிலிருந்து என் கணவர் நிதானமாக, "ஆமாங்க. ரெண்டு பேருந்தான்" என்றார்.

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஐயோ சாமி, உங்களுக்குப் பேச்சே வராதுன்னு சொன்னாங்களே" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் கரண்ட் வரும் வரை காற்று வாங்கலாம் என்று ஒவ்வொருவராக வெளியே போனார்கள். என் கணவரும், அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த அமைதியில் அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது.

"எனக்கு நாலும் பொண்ணுங்க அம்மணி. உங்க ஊட்டுக்கு வரப்போறவ கடைசி. மூத்தவ பொறந்ததுமே, அடுத்து எப்போன்னு கேட்டாங்க. ரெண்டாவதும் பொண்ணு. அப்பறம் ஒவ்வொரு மாசமும், விசேசமா, விசேசமான்னு ஊரே கேட்டுது. பால் கறக்கற எடத்துல கேட்டாங்க, பஸ்ஸுல கேட்டாங்க, எழவு ஊட்டுலகூடக் கேட்டாங்க. நாலாவதுக்கு அப்பறம் டாக்டரம்மா திட்டுனதுலதான் வுட்டாங்க. பொறந்த பொறகு நாலும் என்ர உசுருதான். அது வேற. ஆனா உனக்கு வேணுமா, உன்ர ஒடம்புக்கு ஆகுமான்னு ஒருத்தரும் என்னையக் கேக்கலீங்க. எங்கூட்டுக்காரரும் கேக்கலே. எங்கம்மாவும் கேக்கலே."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். என் கணவர் வெளியே யாரோடோ நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒருவர் கேட்டிருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை தெரிந்ததே இல்லை.

"உங்களப் பத்தி எங்க மூத்தாரு, அதான் பொண்ணோட பெரியப்பன், வந்து சொன்னாரு, அக்காக்காரி இந்த மாதிரின்னு. நான் ரெண்டு நாளா யோசிச்சேன். நெசந்தானா, இல்ல சும்மா பேச்சான்னு உங்க வாயாலயே கேக்கோணும்னுதான் வந்தேன். நெசமா இருந்தா உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு."

"சொல்லுங்க" என்றேன்.

"என்ர பொண்ணு அந்த ஊட்டுக்கு வந்த பொறகு, மாசாமாசம் விசேசம் உண்டான்னு எல்லாருந்தான் கேப்பாங்க. நானே வாய் தவறிக் கேட்டாலுங் கேப்பேன், தாய் மனசு. பெத்துக்கறதும் வேண்டாங்கறதும் அவுங்க ரெண்டு பேரு பாடு. ஆனா அந்த ஊட்டுல ஒருத்தராச்சும் அவளக் கேக்காம இருக்கோணும். நீங்க இருப்பீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். இருந்த குரலையெல்லாம் சற்று முன்புதான் கத்தித் தீர்த்துவிட்டேனே.

"அப்ப இணைச்சீருக்கும் நீங்கதான் நிக்கோணும். என்ர பொண்ணு கட்டற புடவைய நீங்க புடிச்சுத்தான் அவ கட்டோணும்."

"உங்க பக்கத்துல ஏதாச்சும் சொல்லுவாங்களேங்க…"

"எங்க பக்கத்த நான் பாத்துக்கறேன். தயிரு புளிச்சுப்போறதுக்குள்ள ஊத்திச் சாப்பிடுங்க, போசிய மட்டும் கல்யாணத்தன்னிக்குக் குடுங்க" என்று எழுந்துகொண்டார். கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அவர் வாசலில் திரும்பி ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்தேன். "வாரேன்" என்றார்.

ஆவணியில் கல்யாணம். மண்டபத்தில் விடியற்காலையிலேயே கூட்டம். அருமைக்காரர், அதாவது எங்கள் சீர்களை எல்லாம் முன்னின்று செய்துவைக்கும் பெரியவர், "இணைச்சீர்க்காரி வாங்க" என்று கூப்பிட்டார். நான் மணவறைப் பக்கம் போனேன். பெரியம்மாவிடம் நான் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தார். சித்தி மகள் பட்டுப்புடவையில் தயாராக இருந்தாள். அவளை இருக்கச் சொல்லி என் கணவர் கை காட்டினார். அவள் பாவம், நல்ல பெண், "நீங்களே நில்லுங்கக்கா, எனக்கு இந்தப் பட்டுல வேர்க்குது" என்று மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூங்கில் பேழையிலிருந்து கூறைப் புடவையை எடுத்து ஒரு முனையைத் தம்பி கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்தார்கள். அவ்வளவு பேர் என்னைப் பார்த்து நான் நின்றதே இல்லை. முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாகச் சொல்வது போல ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"புள்ளையே வேண்டாம்னவ, யாரு புள்ளைக்குப் பொண்ணு கேக்கப் போறாளாம்?"

நாலைந்து பேர் கிசுகிசுவென்று சிரித்தார்கள். தம்பியின் முகம் சிவந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் புடவையை இழுத்து அடக்கினேன். முனையைக் கீழே வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

தாம்பூலத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்த பெண்ணின் அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"கேக்க மாட்டாங்கல்லங்க? அதுதான் எங்களுக்கு வேணும்!" என்றார் நல்ல கணீர்க் குரலில். "என்ர நாலு புள்ளைகளையும் பொறந்தன்னிக்கே, இது எம்பையனுக்கு, அது உம்பையனுக்குன்னு பாகம் பிரிச்சாங்க. அப்பறம் ஒருத்தனும் வரலே, அது வேற கத. என்ர பேத்திக்காவது, பொறக்கறதுக்கு முந்தியே புடிச்சு வெக்காத ஒரு அத்தை கெடைச்சிருக்குது. அம்மணிய நல்லா நிக்க வுடுங்க! ஏனுங்க மாமா, நாஞ்சொல்றது செரிதானுங்களே?"

கடைசிக் கேள்வி பெண்ணின் பெரியப்பாவுக்கு. மண்டபமே சிரித்தது. அந்தப் பெரியப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "செரி செரி, நேரமாகுது, நடக்கட்டும்" என்றார். அருமைக்காரரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேலைய விடாமப் புடிங்க சாமி" என்றார். முதலில் பேசிய அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

தம்பி என் காதோரமாக, "அக்கா, இத்தன இறுக்கிப் புடிச்சா நூலு அந்துரும். தார் சுத்தறவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றான். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

அன்றோடு எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். பெரியம்மா இன்னமும், "இருந்தாலும் ஒண்ணு பெத்திருக்கலாம் சாமி" என்று சொல்லித்தான் விடைபெறுகிறார். ஆனால் நான் இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் பாத்திரம் கழுவுகிற பக்கம் போவதில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். யாராவது கேட்டால், "எங்களுக்கு ஆசை வரலீங்க" என்று சாதாரணக் குரலில் சொல்கிறேன். ஒரு முறை பட்டறை முழுக்கக் கத்திவிட்ட பிறகு, மெதுவாகச் சொல்வது சுலபமாக இருக்கிறது.

தம்பி மறுபடியும் வடக்கே போய்விட்டான். வந்து வந்து போகிறான். அவன் மனைவி வாரம் ஒரு நாளாவது எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு நாள் வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே, "நங்கையா, பஸ் ஸ்டாப்புல இருந்து இங்க வாரதுக்குள்ள மூணு பேரு கேட்டுட்டாங்க. நீங்க மட்டுந்தான் கேக்கறதே இல்லே" என்றாள். "உங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கறேன்" என்றேன். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. சொன்னேன். கரண்ட் போன இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் டீ போட எழுந்தேன்.

அவர்களுக்கு வேண்டுமா, வேண்டாமா, வேண்டியிருந்தும் இன்னும் கிடைக்கவில்லையா, எனக்குத் தெரியாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அன்று மணவறையில் நான் புடவை முனையைப் பிடித்து நின்றது கொஞ்ச நேரம்தான். அவள் வரும்போதெல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் டீ போட்டுக் கொடுக்கிறேனே, அதுதான் என் தம்பிக்கு நான் இன்றும் செய்துகொண்டிருக்கிற இணைச்சீர்.